கை வரைய வராதவன்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக் காற்று. ஜன்னலைத் திறந்தால் தாள் பறக்கிறது, மூடினால் வேர்க்கிறது. திறந்து வைத்து, தாள் மேல் இஞ்சி தட்டுகிற கல்லை வைத்து வரைந்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி வசந்தா: "கல்லக் காணோம்." கொடுத்தேன். தாள் பறந்தது. இன்றைய சாதனை இவ்வளவு.

படிப்பின் கடைசி மாதம். புத்தகங்களுக்கும் விளம்பரங்களுக்கும் படம் வரைகிற டிப்ளமோ, முழுக்க ஆன்லைன். மகள் கயல் சென்னையிலிருந்து சேர்த்துவிட்டது. அப்பா வீட்டில் சும்மா இருந்தால் அவளுக்கு அங்கே தூக்கம் வராதாம். வாராவாரம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி ஏற்ற வேண்டும்: இந்த வாரம் என்ன கற்றேன், ஓவியனாக நான் யார். அங்கே எழுதுவது அங்கே. இது இங்கே.

ஓவியனாக நான் யார்? எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., தாவரவியல். தனியார் கல்லூரியில் பத்தொன்பது வருஷம் வாத்தியார் வேலை. சேர ஆள் இல்லை என்று துறையையே மூடினார்கள். என்னையும் சேர்த்து மூடினார்கள். துறைத் தலைவர் எழுதிய பாடப்புத்தகத்தில் வேர், தண்டு, இலை அத்தனையும் நான் வரைந்தது. முன்னுரையில் மனைவிக்கு நன்றி, மாமனாருக்கு நன்றி, அச்சகத்துக்கு நன்றி. என் பெயர் இல்லை.

ஆக, பெயர் போடாத இடங்களில் வரைந்தவன். இதை ஆங்கிலத்தில் எழுதினால் நிவேதா "இன்ட்ரஸ்டிங்" என்பாள். நிவேதா ஆசிரியை. என் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். என்னை "பரமசிவம் சார்" என்று அழைத்துத்தான் திட்டுவாள்.

இறுதித் தேர்வுக்கு நிபந்தனை: ஒரு உண்மையான வாடிக்கையாளருக்கு வரைந்த படம், பொது இடத்தில் இருக்க வேண்டும், அதில் உங்கள் பெயர் தெரிய வேண்டும். கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காற்று நின்றபாடில்லை. கண்ணில் தூசி.

ஷாகுல் கூப்பிட்டான், போனேன். என் பழைய மாணவன், இப்போது பிரியாணிக் கடை முதலாளி. என் பாடத்தில் அரியர் வைத்தவன். அவன் சுழல் நாற்காலியில், நான் எதிரே மடியில் ஃபைலோடு. காலம்.

"சார், வாங்க வாங்க. மொதல்ல சாப்பிடுங்க."

"வேலையைப் பேசிட்டு..."

"பசியோட பேசுனா நீங்க எதுக்கும் மாட்டேன்பீங்க சார். கிளாஸ்லயே பாத்திருக்கேன்."

சாப்பிட்டேன்.

செம்பட்டி ரோட்டில் புதுக் கடை. சபர் மாதம் முடிந்து பிறை பார்த்தபின் வருகிற வெள்ளிக்கிழமை திறப்பு. ஹாலில் நீளச் சுவர் ஒன்று காலி. நான்கு படம் வேண்டும்: அரிசி களைவது, கறி வெட்டுவது, மசாலா கிளறுவது, கடைசியில் தம் பிரித்து அண்டா மூடியைத் திறப்பது. "அத்தா காலத்துல எப்படிப் பண்ணுனமோ அப்படி இருக்கணும், சார்." அத்தா என்றால் அவன் தகப்பனார். கடையை ஆரம்பித்தவர், போன வருஷம் தவறிவிட்டார்.

பெயர் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். பழைய மாணவனிடம் கெஞ்சுவது போல் வந்தது. சனியன்.

"உங்க படம், உங்க பேரு. நான் யாரு சார் வேணாங்குறதுக்கு?"

படியிறங்கும்போது பின்னாலிருந்து சொன்னான்: "பிரிண்டு நம்ம முருகேசண்ணன் கடையிலதான். ஒங்க ஃப்ரெண்டாமே."

முருகேசன். இனி மு. முழுப் பெயர் எழுத மனம் இல்லை. கல்லூரியில் என் வகுப்பு. கடைசி வருஷம் ஆண்டு மலருக்கு அட்டைப்படம் நான் வரைந்தேன்: மலைக்கோட்டை, மேலே மழை மேகம். அச்சகத்துக்கு எடுத்துப் போனவன் மு. மலர் வந்தது, உள்ளே 'அட்டை ஓவியம்: முருகேசன்'. கேட்டதற்கு அச்சுக் கோத்தவன் தப்பு என்றான். அந்த அட்டையைக் காட்டித்தான் ஒரு போர்டு எழுதுகிற கடையில் சேர்ந்தான். இன்று ஊரில் பாதி கல்யாணம், பாதி காதுகுத்து, பாதி கண்ணீர் அஞ்சலி அவன் ஃப்ளெக்ஸில்தான். மூன்று பாதி. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

வழியில் பார்த்தால் பேசுவேன். சிரிப்பேன்கூட. மறந்துவிட்டேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 9, சனி

வகுப்பு. என் படங்கள் எல்லாவற்றையும் நிவேதா (இனி நி.) வரிசையாகத் திரையில் வைத்தாள்.

"முகம்லாம் சூப்பர், சார். ஆனா ஒண்ணு கேக்கவா? உங்க ஆளுங்க எல்லாரும் கையை எங்க வச்சிருக்காங்க?"

பார்த்தேன். ஒருவன் பாக்கெட்டுக்குள். ஒருத்தி முந்தானைக்குள். ஒருவர் முதுகுக்குப் பின்னால். போலீஸ்காரர் கைகட்டி நிற்கிறார், விரல்கள் அக்குளுக்குள். மற்றவர்களுக்குக் கட்டைப்பை, பூக்கூடை, விரித்த செய்தித்தாள். ஒரு விரல்கூட வெளியே இல்லை. நானே இன்றுதான் பார்க்கிறேன்.

முகம் காட்டாத ஒரு பயல், மைக் மட்டும்: "சாரோட ஊர்ல குளிர் ஜாஸ்தி போல."

திரை முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். கைதட்டும் கைகள். மஞ்சள் கை. அதைக்கூட எவனோ ஒழுங்காக வரைந்திருக்கிறான்.

செடிக்குக் கை கிடையாதம்மா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஆங்கிலப் பக்கத்தில்: 'இந்த வாரம் என் பலவீனங்களை நேர்மையாக எதிர்கொண்டேன்.' எதிர்கொள்ளவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு மாடிக்குப் போய் நின்றேன்.

வாங்க: 4பி பென்சில், அழிப்பான், வசந்தாவுக்குத் தைலம்.

ஆகஸ்ட் 13, புதன்

நான்கும் முடிந்தது. நாலாவதுதான் படம். அத்தாவை வரைந்திருக்கிறேன். ஷாகுலிடம் சொல்லவில்லை, பார்த்துத் திகைக்கட்டும். போட்டோ தேவைப்படவில்லை; படிக்கிற காலத்திலிருந்து கல்லாவில் பார்த்த முகம். அந்த அடர்ந்த புருவம், சில்லறை கொடுக்கும்போது நம்மைப் பார்க்காமல் நம் பின்னால் நிற்பவரைப் பார்க்கிற பார்வை. மூடி திறக்கிறார், ஆவி எழும்புகிறது, ஆவிக்கு மேலே முகம். கை ஆவிக்குள். நி. கண்டுபிடிப்பாள். கண்டுபிடிக்கட்டும்.

வசந்தா பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்தாள். "அட, பாய்! எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கே."

ரொம்ப நாளைக்கப்புறம் அவள் என் படத்துக்கு முன்னால் பையைக் கீழே வைக்காமல் நின்றது.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாலாவது படத்தை ஷாகுல் கையில் எடுத்தான். கண் கலங்கியது. சந்தோஷம் என்று நினைத்தேன்.

"அப்படியே அத்தா, சார். அந்தப் புருவம்..."

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினான். அப்போதே தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஹால்ல மனுச மொகம் மாட்ட மாட்டோம், சார். தெறப்புக்குப் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து துஆ ஓதுவாரு. வேலைக்காரப் பயலுக மதியத் தொழுகை அங்கதான் தொழுவாங்க. மொகம் இருந்தா எப்படித் தொழ? அம்மாவும் ஒத்துக்கிற மாட்டாக."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார். எம்புட்டு வருசமா நம்ம கடைக்கு வாரீங்க."

வெளியே வந்து ஹாலைப் பார்த்தேன். கஅபா படம். அரபு எழுத்துச் சட்டம். கடிகாரம். எதிர்ச் சாரியில் கடைக்குக் கடை நிறுவனர் மாலையோடு, பொட்டோடு, சின்ன பல்போடு உட்கார்ந்திருக்கிறார். இங்கே நிறுவனர் இல்லை. இத்தனை வருஷம் இங்கே சாப்பிட்டவன், இல்லாததைப் பார்க்கவில்லை. நம் ஆட்களுக்குப் பெரியவரைக் கௌரவிப்பது என்றால் படம் மாட்டுவது. அது ஒருவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று புத்தியில் உறைக்காது. போன வாரம்தான் 'கூர்ந்து பார்ப்பதே என் பலம்' என்று ஆங்கிலத்தில் ஏற்றினேன்.

அவன் மேல் கோபம் வரவில்லை. அதுதான் எரிச்சல். கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

"அப்ப என்ன வரைய?"

"கை போடுங்க சார். வேலை பாக்குறது கைதானே. நாலுலயும் கை மட்டும் போதும்."

இவனிடம் யாராவது சொல்லிவைத்தார்களா?

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஒலிபெருக்கி. மிட்டாய். வசந்தா கொடியேற்றத்துக்குப் போய்விட்டு வந்தாள்.

வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னேன்.

"விடுங்க. கயலுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லிருங்க. எனக்கு வாயில்ல."

போன் போடவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. மண்டபத்துக்கு மண்டபம் மேளம். கல்யாண ஃப்ளெக்ஸ் குவியும்; மு. வீட்டில் இன்று கறி என்ன, மீனும் இருக்கும்.

கை வரையக் கை வேண்டும். வசந்தாவிடம் கேட்டேன்.

"சும்மால்லாம் உக்கார முடியாது. பூண்டு உரிக்கிறேன், வேணும்னா வரைஞ்சுக்கங்க."

"அசையாம இரு."

"அசையாம இருந்தா பூண்டு தானா உரியுமா?"

முதல் படத்தைப் பார்த்து: "இது என்ன, முருங்கைக்காயா?" இரண்டாவதுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கிழித்தேன்.

அப்புறம்தான் மணிக்கட்டுக்கு மேலே பார்த்தேன். பழைய தழும்பு, நீளமாக, பளபளவென்று.

"இது எப்ப?"

"கயல் ஒண்ணாப்பு படிக்கிறப்ப. குக்கரு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"சொன்னேன். நீங்க உங்க எச்.ஓ.டி.யத் திட்டிக்கிட்டு இருந்தீங்க."

பூண்டு உரித்து முடித்து எழுந்து போனாள். தழும்பை மட்டும் தனியாக வரைந்தேன். அது ஒழுங்காக வந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

ஷாகுல் கடைச் சமையற்கட்டு, காலையில் தம் பிரிக்கிற நேரம். ஓரமாக நிற்க அனுமதி. வெக்கை. கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, துடைத்து மாளவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்து, "சார், ஒங்களயும் சேத்துத் தம் போட்டுருவேன், தள்ளி நில்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய புத்தி ஒன்று உதவியது. விரலை விரல் என்று நினைக்காமல் மூங்கில் என்று வைத்துக்கொண்டேன். கணு, கணுவிடை, கணு. முட்டியில் தோல் மடிவது இலைக் காம்பு தண்டில் சேருகிற இடம் மாதிரி. உள்ளங்கை ஒரு அகன்ற இலை, ரேகை அதன் நரம்பு. இப்படி வரைந்தால் வருகிறது! மத்தியானம் முழுக்கக் கை. சாப்பிடவில்லை.

இதை ஆங்கிலப் பக்கத்தில் எழுத மாட்டேன். எழுதினால் அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள்.

ஆகஸ்ட் 23, சனி

புது நான்கு படங்களை எடுத்துக்கொண்டு போனேன். கை மட்டும். ஷாகுலின் அம்மாவும் வந்திருந்தார். துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, நாலாவது படத்தின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போடச் சொல்லி உட்கார்ந்தார். அண்டா மூடியைத் தூக்குகிற இரண்டு கைகள். முழங்கை வரை.

"வாட்ச்சு எடது கையில போட்டிருக்கு."

"ஆமாம்மா."

"அவுக வலது கையிலதான் கட்டுவாக. எங்க வாப்பா வாங்கிக் குடுத்தது. கல்யாணத்துல அவசரத்துல வலது கையில மாட்டிவிட்டாக, அப்படியே நெலச்சிருச்சு."

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். அவர் பார்த்தார். எழுந்தார். போய்விட்டார்.

"அம்மா ஒண்ணும் சொல்லலேன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம் சார்," என்றான் ஷாகுல்.

அப்படியானால் என் கல்லூரிக்கு என்னைப் பத்தொன்பது வருஷம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இனி பெயர். படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டால் மு. கடையில் ஓரம் வெட்டும்போது போய்விடும், அல்லது போக வைப்பான். அவன் கடையில் அடித்த எதிலும் கீழே அவன் கடைப் பெயர்தான் இருக்கும். பிணத்தின் படத்துக்குக் கீழேகூடக் கடைப் பெயரும் போன் நம்பரும். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

மூலையில் சின்னதாக ஒன்று போட்டேன். அது அவன் வெட்டுவதற்கு. உண்மையான கையெழுத்து உள்ளே: நாலாவது படத்தில் அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு வாழையிலை. நடுத்தண்டிலிருந்து பிரிகிற நரம்புகளை வளைத்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து, 'பரமசிவம்'. தள்ளி நின்றால் இலை. கிட்டப் போய்ப் பார்த்தால் நான். இலையை வெட்டினால் படமே போய்விடும். வெட்டட்டும் பார்க்கலாம்.

வாழையிலையில் நரம்பு இப்படி ஓடாது. இணையாகத்தான் ஓடும். என் மாணவன் வரைந்திருந்தால் சுழித்திருப்பேன். இருக்கட்டும்.

பல வருஷத்துக்கப்புறம் மனசுக்கு நிறைவாக ஒரு வேலை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மு. கடை. ஆவணி முகூர்த்தம், காலை வைக்க இடம் இல்லை. தரை முழுக்க ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளைகள், பெண்கள், கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்கள்.

"ஏலே பரமா! வாடா வாத்தி. டீ சொல்லவா?"

"சீனி கம்மியா."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே, சீனி கம்மின்னு."

சிரித்தேன். சிரித்துத் தொலைத்தேன்.

நான் ஸ்கேன் செய்து கொண்டுபோன ஃபைலைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தான். கை, மூடி, ஆவி. இலைக்கு வந்ததும் மவுஸ் நின்றது. பிறகு நகர்ந்தது.

"காலேஜ்ல செடியும் கொடியும்தானடா வரைவ. கை எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான்."

"நல்லாருக்கு மாப்ள." திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"மூலையில பேர் இருக்கு. வெட்டிராத."

"நான் பாத்துக்கிறேன், நீ போ."

இதே வார்த்தை. ஆண்டு மலரை வாங்கிக்கொண்டு போனபோதும் இதே வார்த்தை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

திறப்பு. எழுத உட்கார்ந்தால் ஏதோ வருகிறது. சிரிப்பா என்ன என்று தெரியவில்லை.

விடிந்ததும் போனேன், யாரும் வருமுன் பார்த்துவிட வேண்டும் என்று. நான்கு படமும் சுவரில், நீளமாக, ஆள் உயரத்துக்கு. கைகள். நான் வரைந்தவைதானா என்று இருந்தது. இலையும் இருந்தது, நரம்பும் இருந்தது. மு.வின் கடைப் பெயர் எங்கே என்று கீழ் மூலையைத் தேடினேன். இல்லை.

அங்கே நான் இருந்தேன்.

வட்டத்துக்குள் என் போட்டோ. வகுப்பு வாட்ஸப் குழுவிலிருந்து எடுத்தது, யார் கல்யாணத்திலோ பாயசம் குடித்துவிட்டு வாயைத் திறந்து சிரிக்கிறேன். வட்டத்தைச் சுற்றி வளைவாக, மஞ்சள் எழுத்து, சிவப்பு விளிம்பு: 'தூரிகை வேந்தர் இரா. பரமசிவம் M.Sc., M.Phil.'

தூரிகை வேந்தர்.

கைகள் மட்டும் இருக்கிற சுவரில் ஒரே ஒரு முகம். அது என் முகம்.

சுரண்ட முடியுமா என்று நகத்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடும்பம் வந்துவிட்டது. ஷாகுலின் அம்மா நேராக நாலாவது படத்துக்குப் போனார். நின்றார். குனிந்தார்.

"இது யாரு, பல்லக் காட்டிக்கிட்டு?"

ஷாகுல் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். வாசலில் ஹஜ்ரத்தின் கார் நின்றது.

மு. அங்கேதான் இருந்தான், வெள்ளைச் சட்டையில், பொட்டும் விபூதியுமாக. "ஐயையோ, மொகம் ஆகாதுல்ல! மறந்தே போனேன் பாய்" என்று பையைக் கவிழ்த்தான். கடைக்கு ஒட்ட வந்த ஸ்டிக்கர்கள். அளவுக்குச் சரியாக இருந்தது ஒன்றுதான். என் முகத்தின் மேல் வைத்துத் தேய்த்தான். வளைவாக இருந்ததால் பெயரும் கூடவே போனது.

'பார்சல் இங்கே', பக்கத்தில் அம்புக்குறி.

துஆ ஓதினார்கள். நானும் தலை குனிந்து நின்றேன். அம்புக்குறி ஐஸ்கிரீம் பெட்டியைக் காட்டியது. மத்தியானம் முழுக்க ஆட்கள் ஐஸ்கிரீம் பெட்டி முன்னால் வரிசையில் நின்று பிரியாணி கேட்டார்கள்.

பந்தியில் மு. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எதுக்குடா அதைப் பண்ணுன?" என்றேன்.

"எதை? பேரையா? பின்ன என்னடா. மூலையில எறும்பு மாதிரி ஒரு கையெழுத்து, எலைக்குள்ள ஒளிச்சு வச்சு இன்னொண்ணு. நான் ஃபுல் சைஸ்ல பாக்காம அடிப்பனா? பயபுள்ள தன் பேரப் போடத் தானே வெக்கப்படுறானேன்னு ராத்திரி தூக்கமே வரல."

சோற்றை இலையில் ஒரு ஓரமாக ஒதுக்கினேன்.

"அம்புட்டுப் படிச்சுப்புட்டு எலைக்குள்ள ஒளியலாமா? சரி, நம்மளாவது பெருசாப் போடுவோம்னு போட்டேன். என் கடைப் பேருகூடப் போடல, கவனிச்சியா?" கறித்துண்டு ஒன்றை எடுத்து என் இலையில் வைத்தான். "அந்த மலர்ல ஒம் பேரு விட்டுப்போச்சுல்ல. அதுக்கும் சேத்துன்னு வச்சுக்க."

விட்டுப்போச்சு. எடுத்தேன் என்று சொல்லவில்லை, விட்டுப்போச்சு.

ஆனால் மறக்கவில்லை. இத்தனை வருஷம் அவனும் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

மழை வரும்போல் இருந்து வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் இப்படி: அவனுக்குப் பயந்து ஒளித்தேன். ஒளித்ததால் அவன் இரக்கப்பட்டான். இரக்கப்பட்டதால் பெரிதாகப் போட்டான். பெரிதாகப் போட்டதால் மூடினார்கள். யாரைத் திட்டுவது?

வசந்தாவிடம் முழுவதும் சொன்னேன். தூரிகை வேந்தர் என்றதும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வெகு நேரம். இரவுச் சாப்பாட்டில், "வேந்தருக்கு வெஞ்சனம் போதுமா?"

ஷாகுல் போன்: வேறு அடித்து மாற்றிவிடலாம் சார், கூட்டம் குறையட்டும். குறையாது. கூட்டம் குறைகிற கடை இல்லை அது.

செப்டம்பர் 1, திங்கள்

இறுதித் தேர்வு. நி.யோடு இன்னும் இரண்டு பேர், கறுப்புச் சட்டை.

"சார், ஹேண்ட்ஸ்! இது நீங்களா?"

"நான்தான்."

"முகமே வேண்டாம்னு எப்ப முடிவு பண்ணீங்க? ரொம்ப போல்டான முடிவு."

"ஆகஸ்ட் நடுவுல," என்றேன்.

கறுப்புச் சட்டைகள் குறித்துக்கொண்டன.

"பேரு எங்க சார்? பொது இடத்துல பேரு தெரியணும்ல."

கோப்பிலிருந்து இலையைப் பெரிதாக்கிக் காட்டினேன். முதலில் தெரியவில்லை. பிறகு, "அய்யோ! சார்! இதுதான் சார் உங்க அடையாளம். இனிமே எல்லாப் படத்துலயும் இப்படியே ஒளிச்சு வைங்க."

பத்தொன்பது வருஷம் மற்றவர்கள் செய்ததை இனி நானே செய்துகொள்ள வேண்டும். அடையாளம்.

தேர்ச்சி. ஒரு நிபந்தனையோடு: சுவரில் இருக்கிற நிலையில் இலையைக் கிட்டத்தில் எடுத்த போட்டோ ஒன்று அனுப்ப வேண்டும். கயலுக்குச் செய்தி அனுப்பினேன். மூன்று மஞ்சள் கை வந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையிலேயே வெயில். பஸ்ஸில் நின்றுகொண்டே செம்பட்டி ரோடு.

மத்தியானக் கூட்டம் வருமுன் கடை. ஷாகுல் நத்தம் பக்கம் போயிருந்தான். அம்மா கல்லாவில். "சாப்பிட்டுப் போங்க" என்றார், அவ்வளவுதான். வேலைக்காரர்கள் தொழுகைக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள், சுவரைப் பார்த்து.

இலையைப் போட்டோ எடுத்தேன். தெளிவாக வந்தது. நரம்பு நரம்பாக என் பெயர்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். வெக்கைக்கு ஸ்டிக்கரின் ஓரம் உரிந்து சுருண்டிருந்தது. உள்ளேயிருந்து என் நெற்றியும் ஒரு கண்ணும், மஞ்சளில் 'பரம' வரைக்கும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் முழுப் பெயரும் வந்துவிடும். கேமரா கையில்தான் இருந்தது. அம்மா சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

மு.விடமிருந்து போன். எடுக்கவில்லை.

முதல் ஆள் பாயில் வந்து நின்றான். கையைக் கட்டினான்.

குனிந்து, கட்டைவிரலால், ஓரத்திலிருந்து நடுவுக்கு அமுக்கித் தேய்த்தேன். ஒட்டிக்கொண்டது.